எழுத்து வேறு, உரு வேறு

ஈய எழுத்துக்கள் அச்சகங்களை ஆண்ட காலத்திலே பிழை என்பது கண்ணாற் காணவும் கையாற் பிடிக்கவும் கூடிய ஒரு பொருளாக இருந்தது. முனை உடைந்த எழுத்து முனை உடைந்தே பதியும்; தலைகீழாகக் கோத்த எழுத்துத் தலைகீழாகவே விழும். அச்சுக்கோப்பவர் அதனைக் குறட்டினால் இழுத்தெடுத்து, எழுத்துப் பெட்டியிலிருந்து நல்லதொன்றைப் பொறுக்கிப் பொருத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். கணினி வந்தபின் அந்த எளிமை போயிற்று. வீட்டிலே நேற்றிரவு செம்மையாக நின்ற தமிழ், இன்று காலை அச்சகத்திலே திறந்தபோது ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகக் கிடக்கின்றது. அன்றேல் வரிசை வரிசையாக வெற்றுக் கட்டங்கள் தோன்றுகின்றன. அன்றேல் கொம்புகள் இடம்பெயர்ந்து, எழுத்துக்குப் பின்னாலே போய் நிற்கின்றன.

இது கணினித் தொழிலாளர் தமக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி என்று நாம் ஒதுங்கியிருக்க இயலாது. பாடசாலை மலர், கும்பாபிடேக மலர், திருமண அழைப்பிதழ், காலஞ்சென்றோர் நினைவாக 31 ஆம் நாளிலே வழங்கும் கல்வெட்டு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை அச்சிடுவிக்காத குடும்பம் நம்மவரிடையே அரிது. இவற்றுள்ளும் கல்வெட்டுக்குத் தவணை கிடையாது. அந்த நாள் யாருக்காகவும் காத்திராது. அவ்வேளையிலே தட்டச்சுச் செய்து கொடுத்த பிள்ளை, “எங்கட கணினியிலே சரியாகத்தானே இருந்தது, மாமா” என்பான். அச்சகத்தார், “எங்களுக்கு வந்ததே இப்படித்தான், ஐயா” என்பார். இருவரும் மெய்யே சொல்கின்றனர். இருவர் சொல்வதும் ஒருங்கே மெய்யாவது எவ்வாறு என்பதை விளங்கிக்கொண்டால் நோயிற் பாதி தீர்ந்ததாகும்.

ஒலிவடிவும் வரிவடிவும்

நம் இலக்கண ஆசிரியர்கள் எழுத்தினை ஒலிவடிவு, வரிவடிவு என இருவகையாக நோக்கினர். ஒலிவடிவு நிலையானது, வரிவடிவோ காலந்தோறும் உடைமாற்றிக்கொள்வது. தொல்காப்பியர் காலத்திலே எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெற்று நின்றன. 18 ஆம் நூற்றாண்டிலே வீரமாமுனிவர் குறிலையும் நெடிலையும் வேறுபிரித்துக் காட்டக் கொம்பினைச் சுழித்து எழுதும் வழக்கத்தைக் கொணர்ந்தார். ணை, லை, னை ஆகியன யானைத் துதிக்கைபோல வளைந்து நின்ற பழைய உருவங்களைத் தமிழ்நாட்டரசு 1978 இல் நீக்கிற்று. இத்தனை மாற்றத்திலும் லகர ஐகாரம் லகர ஐகாரமாகவே இருந்தது. மாறியது உருவம் மாத்திரமே.

கணினியின் உள்ளேயும் இதே பாகுபாடு உண்டு. அங்கே எழுத்து என்று எதுவும் வைக்கப்படுவதில்லை, எண்களே வைக்கப்படுகின்றன. எந்த எண்ணுக்கு எந்தப் படத்தைத் திரையில் வரைவது என்று சொல்லுவது எழுத்துரு எனப்படும் தனிக் கோப்பு. நாம் எழுதிய கட்டுரை ஒரு கோப்பு; அதற்கு முகம் கொடுக்கும் எழுத்துரு மற்றொரு கோப்பு. முதலாவதை மாத்திரம் கொடுத்தனுப்பிவிட்டு இரண்டாவதை வீட்டிலே விட்டுவிடுவதாலேயே மேற்சொன்ன வழக்குகளிற் பெரும்பாலானவை எழுகின்றன.

காற்புள்ளியிலே தொடங்கும் இலங்கை

நமது நாட்டு அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நீண்டகாலம் கோலோச்சிய எழுத்துரு பாமினி என்பதாகும். இன்றும் அதனைக் கைவிடாதோர் பலர். ஆங்கிலத்தையன்றி வேறொன்றையும் அறியாத கணினியிலே தமிழை எழுதும்பொருட்டு அமைந்த உபாயம் அது. ஆங்கில எழுத்துக்களுக்குரிய ஆசனங்களிலே தமிழ் உருவங்களை அமர்த்திவிட்டார்கள். ‘தமிழ்’ என்று பாமினியில் அடித்தால், கோப்பிலே பதிவது ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்தே. அரைப்புள்ளியே அங்கு மெய்யெழுத்தின் புள்ளி. காற்புள்ளியின் ஆசனத்திலே இகரம் அமர்ந்திருப்பதால், ‘இலங்கை’ என்ற நாட்டின் பெயரே அங்கு ஒரு காற்புள்ளியிலே தொடங்குகின்றது.

இதன் பயன் யாது? கணினி அந்தச் சொல்லைத் தமிழென்று ஒருபோதும் அறிந்ததில்லை. பாமினி அருகிலிருந்து முகம் கொடுக்கும்வரை நமக்குத் தமிழாகத் தோன்றியது. அது விலகியவுடன் உள்ளே கிடந்த ஆங்கிலக் குவியல் வெளிப்பட்டது. அச்சகத்திலே புதிதாக எதுவும் கெட்டுவிடவில்லை.

கணினி அதனை ஆங்கிலமென்று நம்புவதால் விளையும் குறும்புகள் வேறு. வேர்ட் போன்ற செயலிகள் வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகத் தாமே மாற்றிவிடும் இயல்புடையன. பாமினியிலே சிறிய ஜே தகரம். பெரிய ஜே துகரம். ஆகவே வாக்கியத்தின் முதலில் நின்ற ‘தமிழ்’ கண்மூடித் திறப்பதற்குள் ‘துமிழ்’ ஆகின்றது. பக்கங்களை வடிவமைக்கும் செயலியோ, வரி முடிவிலே ஆங்கிலச் சொல்லைப் பிரிப்பதுபோலப் பிரித்து, மெய்யை ஒரு வரியிலும் அதன் புள்ளியை அடுத்த வரியிலும் வைத்துவிடும். இவ்விரண்டுக்கும் மருந்து ஒன்றே: பாமினியில் எழுதும்போது தன்னியக்கத் திருத்தங்களை நிறுத்திவிடுதல் வேண்டும், பந்தியின் மொழி ஆங்கிலம் என்றிருப்பதை நீக்கி, சொற்பிரிப்பையும் அணைத்துவிடுதல் வேண்டும்.

ஒருங்குறி செய்த மாற்றம்

உலக மொழிகள் யாவற்றுக்கும் பொதுவாக அமைந்த ஒருங்குறி, அஃதாவது யுனிகோட், 1991 இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கெனத் தனி இடம் ஒதுக்கிற்று. அங்கே ககரத்துக்குரிய எண் உலகெங்கும் ககரத்துக்கே உரியது. விண்டோஸ் 2000 இலே லதா என்ற எழுத்துருவுடன் இது சாதாரண கணினிகளுக்கும் வந்தது. நமது நாட்டிலும் 2008 இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற நியமம் தமிழுக்கு வகுக்கப்பட்டது.

பாமினிக்கும் ஒருங்குறிக்கும் உள்ள வேற்றுமையை ‘இலங்கை’ என்ற அதே சொல்லிலே காண்க. இரண்டிலும் அதனை எழுத ஆறு குறிகளே. முதல் நான்கும் ஒரே ஒழுங்கு: இகரம், லகரம், ஙகரம், புள்ளி. கடைசி இரண்டிலேதான் பேதம். பாமினியிலே ஐகாரக் குறி முன்னும் ககரம் பின்னும் வரும். கையால் எழுதும்போதும் ஈய எழுத்தைக் கோக்கும்போதும் அதுவே ஒழுங்கு. ஒருங்குறியிலே ககரம் முன்னும் ஐகாரக் குறி பின்னும் வரும். அது உச்சரிப்பின் ஒழுங்கு. மெய்யின் பின்னே உயிர் வந்து சேரும் என்ற நம் இலக்கண முறைக்கு இசைவானது இதுவே.

ஆனால் கண்ணுக்கு ஐகாரக் குறி முன்னே தெரிதல் வேண்டுமல்லவா? பின்னாலே வைக்கப்பட்ட குறியை முன்னாலே கொண்டுவந்து நிறுத்தும் பணியைச் செயலி செய்தல் வேண்டும். ‘கொ’ என்பதிலே வேலை இன்னும் கடினம். ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை ககரத்துக்கு இடப்பக்கத்திலும் அரவை வலப்பக்கத்திலும் நிறுத்துதல் வேண்டும். இந்த வித்தை தெரியாத செயலியிலே கொழும்பும் கோப்பாயும் உருக்குலைகின்றன.

நோயும் மருந்தும்

நோய் இன்னதென்று கண்டு, அதன் முதலை ஆராய்ந்து, பின்னரே மருந்தைத் தேடவேண்டும் என்பது வள்ளுவர் மருந்து அதிகாரத்திலே காட்டிய முறை. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பது நோயறியாது குளிகை விழுங்குவதை ஒக்கும். திரையிலே காணும் குறிகளைக்கொண்டு நோயை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, ஆங்கில எழுத்துக் குவியல். இடையிடையே அரைப்புள்ளிகள் மலிந்திருப்பின், அது பாமினி போன்ற பழைய முறையில் எழுதப்பட்டது என்று துணியலாம். அதே எழுத்துருவைக் கணினியில் நிறுவினால் தமிழ் திரும்பிவரும். பலர் இவ்விடத்திலே லதா முதலிய ஒருங்குறி எழுத்துருவைத் தேர்ந்து, “இதுவும் தமிழ் எழுத்துருத்தானே, ஏன் மாறவில்லை?” என்று மயங்குவர். லதாவிலே ஜே என்ற எண்ணுக்கு ஜே என்ற ஆங்கில உருவமே உண்டு. அது தன் கடமையைச் செய்கின்றது. உள்ளேயிருக்கும் எண்களை மாற்றுவதற்கு மாற்றி எனப்படும் செயலி வேண்டும். இணையத்திலே அவை இலவசமாகவே கிடைக்கின்றன.

இரண்டாவது, வெற்றுக் கட்டம். தனக்குத் தரப்பட்ட எண்ணுக்கு எழுத்துருவிலே படமில்லை என்பதன் அடையாளம் அது. சோயா அவரையிற் செய்யும் டோஃபு என்ற உணவுக் கட்டிபோலத் தோன்றுவதால் அக்கட்டத்துக்கும் டோஃபு என்று பெயர் வழங்குகின்றது. டோஃபு இல்லை என்ற பொருளிலேயே கூகிள் நிறுவனம் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று பெயரிட்டது. ஒருங்குறியில் எழுதியதற்குப் பாமினியையோ வெறும் ஆங்கில எழுத்துருவையோ பூட்டினால் இந்நோய் தோன்றும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவைக் கொடுத்தவுடன் நீங்கும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. வேர்ட், லிப்ரே ஒபிஸ் ஆகியவற்றிலே ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும், தமிழ் முதலிய சிக்கல் எழுத்துக்களுக்கு வேறோர் எழுத்துருவும் தனித்தனியே குறிக்கப்படும். முன்னதை எத்தனை முறை மாற்றினாலும் தமிழ் அசையாது. பின்னதையே மாற்றுதல் வேண்டும்.

மூன்றாவது, கொம்பு இடம்மாறி நிற்றல். எழுத்துருவும் சரி, எண்களும் சரி. செயலியே வித்தை அறியாதது, அல்லது அந்த வித்தை அதிலே முடுக்கப்படவில்லை. 1985 இல் வெளிவந்து, பின்னர் அடோபி நிறுவனத்தின் வசமாகி, 2001 இல் 7 ஆம் பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாது. அதிலே ஒருங்குறித் தமிழைப் புகுத்த முயல்வது வீண் முயற்சி. அதன்பின் வந்த இன்டிசைனிலே 2012 இன் சி.எஸ். 6 பதிப்பு முதல் இந்திய மொழிகளுக்கான வசதி உண்டு. ஆயினும் பந்தியைக் கோக்கும் பொறியாக ‘அடோபி வேர்ல்ட் ரெடி பரகிராஃப் கொம்போசர்’ என்பதைத் தெரிந்தாலன்றி அது தொழிற்படாது. பந்திப் பலகத்தின் மூலையிலுள்ள பட்டியலிலே அதனைக் காணலாம். முழுக் கட்டுரையையும் தெரிவுசெய்து அதனை அழுத்தியவுடன் கொம்புகள் தத்தம் இடத்தை அடையும். விலை கொடுத்து வாங்க இயலாதோர் பயன்படுத்தும் ஸ்கிரைபஸ் செயலியிலே, 2024 இல் வந்த 1.6 பதிப்பும் அதற்குப் பிந்தியவையும் தமிழைச் செவ்வனே கோக்கும்; 1.4 பதிப்புக்கு அது இயலாது.

ஒரே பக்கத்திலே இரண்டு நோய் சேர்ந்து வருதலும் உண்டு. மூவர் எழுதிய கட்டுரைகளைச் சேர்த்து மலராக்கும்போது ஒருவர் பாமினியிலும் மற்றிருவர் ஒருங்குறியிலும் தந்திருப்பர். முழுவதற்கும் ஒரே மருந்து பூசினால் ஒரு பகுதி எழும், மறுபகுதி விழும். பந்தி பந்தியாக நோக்கி, முதலில் யாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்ட பின்னரே பக்கம் அமைக்கத் தொடங்குதல் முறை.

அச்சகத்துக்கு அனுப்புமுன்

இன்டிசைன் கோப்பிலே இல்லாத எழுத்துரு எங்கெங்கே வேண்டப்படுகின்றதோ அவ்விடங்கள் இளஞ்சிவப்பு நிறத்தால் தீட்டிக் காட்டப்படும். அந்த நிறத்தைக் கண்டும் காணாததுபோலச் செல்லலாகாது. கோப்பை அனுப்பும்போது ‘பக்கேஜ்’ என்ற கட்டளையினாற் பொதி செய்து அனுப்பினால், உரிமம் இடந்தரும் எழுத்துருக்களும் படங்களும் கோப்போடு சேர்ந்தே செல்லும். பழைய டைப் 1 வகை எழுத்துருக்களைக் கொண்ட கோப்புகளில் இதுவும் பயன்படாது. அவ்வகைக்கு அளித்துவந்த ஆதரவை அடோபி நிறுவனம் 2023 சனவரியிலே நிறுத்திவிட்டது.

அச்சுக்கு மாத்திரமெனில் பீ.டீ.எவ். கோப்பாக அனுப்புவதே பாதுகாப்பு. அங்கும் எழுத்துரு உட்பொதிந்திருத்தல் வேண்டும். அக்ரோபாட் ரீடரிலே கோப்பின் பண்புகளைத் திறந்து, எழுத்துருப் பட்டியலைப் பார்த்தால், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘எம்பெடட்’ என்ற சொல் நிற்கும். ஒன்றுக்கேனும் அச்சொல் இல்லையாயின் அனுப்பற்க. அதற்கு முன், கோப்பை எழுத்துரு நிறுவப்படாத வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ திறந்து பார்ப்பது பத்து விளக்கங்களுக்கு ஈடான சோதனையாகும். தன் கணினியிலே சரியாகத் தெரிவது எதற்கும் சான்றாகாது.

காகிதத்தில் உண்டு, கணினியில் இல்லை

இவையெல்லாம் நாளைய அச்சுக்குரியன. நேற்றைய அச்சைப் பற்றிய கவலை இதனினும் பெரிது.

சில காலத்துக்கு முன்னர், கல்லூரியின் பழைய மலர்க் கோப்புகளிலிருந்து முன்னாள் ஆசிரியர் ஒருவரைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டும்படி உயர்தர வகுப்பு மாணவர் இருவரிடம் சொன்னேன். அவர்கள் ஒருங்குறியில் அவர் பெயரை அடித்துத் தேடினர். எந்தக் கோப்பிலும் இல்லை என்று கணினி விடை கூறிற்று. அச்சிட்ட மலரை நூலக அலுமாரியிலிருந்து எடுத்துப் புரட்டினால், ஒரே இதழில் மூன்று இடங்களிலே அவர் பெயர் நின்றது. கோப்பிலும் அது இருக்கவே செய்தது. ஆனால் ஆங்கில எழுத்துக் கோவையாக, தமிழென்று எந்தத் தேடலுக்கும் அகப்படாததாக இருந்தது. அம்மலரின் அச்சுப் பிரதி செல்லரித்துப் போயிருந்தால், அந்த ஆசிரியர் இருந்தார் என்பதற்கே அக்கோப்புகள் சான்று கூறியிரா.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் நாம். நூலொன்று இல்லாமற்போவது யாதென்பது நமக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் தீயின்றியும் நூல்கள் அழியும். இன்டிசைனின் இன்றைய பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதில்லை. திறக்கவல்ல பழைய கணினிகளோ ஒவ்வொன்றாகச் செயலிழந்து வருகின்றன. அவற்றினுள்ளே பல்லாண்டுக்காலத்து மலர்களும், கல்வெட்டுகளும், ஊர் வரலாறுகளும், உறவுமுறைக் குறிப்புகளும் பூட்டிக் கிடக்கின்றன. கல்வெட்டு ஒன்றிலே அச்சாகும் வம்சாவளி பல குடும்பங்களுக்கு எஞ்சியுள்ள ஒரே எழுத்துச் சான்றாகும்.

செய்யக்கூடிய காரியமே இது என்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தொடக்கத்திலே பழைய குறிமுறைகளில் ஏற்றிய இலக்கியங்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிற்று. 2005 இலே தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக எண்ணிமப்படுத்தி யாவரும் படிக்க வைத்துள்ளது. இவை பொது முயற்சிகள். நம் வீட்டுக் கணினியிலுள்ள கோப்பினை நாமே காப்பாற்றல் வேண்டும்.

அதற்குரிய வழி பெரியதொன்றன்று. பழைய கோப்பை அழித்துவிடாது அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொள்க. அது எந்த எழுத்துருவில் எழுதப்பட்டதோ அந்த எழுத்துருவின் கோப்பையும் அதே உறையிலே சேர்த்துவைக்க. பின்னர் கட்டுரைப் பகுதியை மாற்றியினால் ஒருங்குறியாக்கி, வேறாகச் சேமிக்க. மாற்றியபின் ஒப்புநோக்காமல் விடலாகாது. இடையே வந்த ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழென்று கொண்டு பொருளற்ற எழுத்துக்களாக்கிவிடும். ‘ஔவையார்’ என்பது ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து பதிந்திருக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடும்போது கிடைக்காது. அரவும் ரகரமும் சில எழுத்துருக்களிலே ஒன்றுபோலத் தோன்றுவதால் ஒன்றினிடத்தில் மற்றொன்று நிற்கும். ‘ஸ்ரீ’ என்பதை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். 2005 இல் ஶகரம் சேர்க்கப்பட்டபின் வந்த முறையைச் சில பழைய எழுத்துருக்கள் அறியா. இந்நான்கையும் கூர்ந்து நோக்கினாற் பெரும்பாலான வழுக்கள் அகப்படும்.

இந்தப் பணிக்குத் தகுந்தவர்கள் இருவர் ஒவ்வொரு வீட்டிலும் உளர். கணினியின் இயல்பை அறிந்த பிள்ளையொருவர்; சொல்லின் எழுத்தையும் ஊரின் பெயரையும் உறவின் முறையையும் அறிந்த மூத்தவர் ஒருவர். முன்னவர் மாற்றித் தரட்டும். பின்னவர் கண்ணாடியை அணிந்துகொண்டு வாசிக்கட்டும். எது பிழை என்று பிள்ளைக்குத் தெரியாது. எப்படித் திருத்துவதென்று மூத்தவருக்குத் தெரியாது. இருவரும் அருகருகே அமர்ந்தால் ஒரு கல்வெட்டினை ஒரு பிற்பகலிலே மீட்டுவிடலாம். அடுத்துவரும் விடுமுறையில் அதனைத் தொடங்குக. மூத்தவரின் கண்ணும் பழைய கணினியும் நெடுநாள் நம்மை எதிர்பார்த்திரா.